எங்கள் பாடசாலையின் கணிதப் பிரிவை மூடாதீர்கள்

மதிப்புக்குரிய வலயக் கல்விப் பணிப்பாளர் அவர்களுக்கும், இந்தத் தீர்மானத்துக்கு ஒப்புதல் அளித்த மாகாணக் கல்வி அதிகாரிகளுக்கும்,

அடுத்த உயர்தர வகுப்பிலிருந்து, இலங்கை மலையகத்தின் தோட்டப்புறத்தில் இருக்கும் எங்கள் பாடசாலையின் கணிதப் பிரிவுக்குப் புதிதாகப் பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது என்று நீங்கள் அதிபருக்கு அனுப்பிய கடிதத்தை வாசித்தேன். அதில் இரண்டு காரணங்கள் சொல்லியிருக்கிறீர்கள். பௌதிகவியலுக்கு ஆசிரியர் இல்லை. கணிதப் பிரிவைக் கேட்டு வரும் பிள்ளைகளின் தொகை போதாது. ஆகவே சாதாரண தரப் பரீட்சையில் நன்றாகச் செய்தவர்கள் நகரத்துப் பாடசாலைக்குப் போகலாம், இல்லையென்றால் இங்கேயே கலைப் பிரிவிலோ வர்த்தகப் பிரிவிலோ சேரலாம் என்று முடித்திருக்கிறீர்கள். இந்தத் தீர்மானத்தை என்னால் ஏற்க முடியாது. பெற்றோரும் பழைய மாணவர்களும் கொடுத்த மனுக்களுக்கு இதுவரை பதில் வரவில்லை. அதனால்தான் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுதுகிறேன்.

நான் அந்தக் கணிதப் பிரிவில் படித்தவள். அம்மா தேயிலைக் கொழுந்து எடுத்தார். அப்பா தோட்டத்து ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், வேலை செய்தார். லயத்துக் காம்பிராவில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டின் ஓர் அறையில், இருந்துதான் உயர்தரம் வரை படித்தேன். அங்கிருந்து பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போய்ப் பௌதிகவியலில் சிறப்புப் பட்டம் எடுத்து, அப்புறம் வெளிநாட்டில் கலாநிதிப் பட்டம் பெற்று, இப்போது அவுஸ்திரேலியாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளராக இருக்கிறேன். வெடிக்கும் நட்சத்திரங்கள், அதாவது சூப்பர்நோவாக்கள், என் ஆய்வுத் துறை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நீங்கள் மூடப்போகிற வகுப்பறையில் என்ன நடந்தது, அதிலிருந்து என்ன வந்தது என்பதற்கு நானும் ஒரு சாட்சி என்பதால் சொல்கிறேன்.

முதலாவது காரணத்தை எடுப்போம். பௌதிகவியல் ஆசிரியர் இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த இடம் எப்படி வெற்றிடமானது? கடைசியாக இருந்த ஆசிரியை கஷ்டப் பிரதேசச் சேவைக் காலத்தை முடித்துவிட்டு இடமாற்றம் கேட்டார். அவர் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. கைக்குழந்தையோடு, தங்குவதற்கு ஒழுங்கான அறை கூடக் கிடைக்காமல், தினமும் மூடுபனியில் பஸ்ஸுக்கு நின்றவர் அவர். இடமாற்றத்தைக் கொடுத்தது உங்கள் அலுவலகம். பதிலுக்கு ஒருவரை அனுப்பாமல் விட்டதும் அதே அலுவலகம். அதற்குப் பிறகு பிள்ளைகள் இணைந்த கணிதத்தையும் இரசாயனவியலையும் வகுப்பில் படித்துவிட்டு, பௌதிகவியலுக்கு மட்டும் ஹட்டனுக்கும் கண்டிக்கும் டியூஷன் போனார்கள். போகக் காசில்லாதவர்கள் கடந்தகால வினாத்தாள்களை வைத்துக்கொண்டு தாங்களாகவே முட்டி மோதினார்கள். பெறுபேறு விழுந்தது. அதைப் பார்த்த அடுத்த வருடத்துப் பிள்ளைகள் கணிதப் பிரிவுக்கு வரப் பயந்தார்கள். இப்போது பிள்ளைகள் போதாது என்கிறீர்கள். உங்கள் இரண்டாவது காரணம் முதலாவதிலிருந்தே வந்தது. முதலாவதற்குப் பொறுப்பு பிள்ளைகள் அல்ல.

ஆசிரியர் ஒருவர் இருந்தால் அந்தப் பாடசாலையில் என்ன நடக்கும் என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். எங்கள் காலத்தில் பௌதிகவியல் படிப்பித்த சேர் வேறு மாவட்டத்துக்காரர். கட்டாயச் சேவைக் காலம் முடிந்த பிறகும் அவர் போகவில்லை. மழைக்கு ஒழுகும் ஆசிரியர் விடுதியில் இருந்துகொண்டு, சனிக்கிழமையிலும் ஆய்வுகூடத்தைத் திறந்து வைப்பார். சுரமானியின் கம்பியை மீட்டி அதன் மேல் வைத்த சின்னக் காகிதத் துண்டு துள்ளி விழுவதை எங்களையே செய்து பார்க்கச் சொல்வார். விளையாட்டு அறையிலிருந்து கடன் வாங்கிய நிறுத்தற் கடிகாரத்தை வைத்து, கூரை வளையில் நூல் கட்டி, ஊசல் ஆடும் நேரத்திலிருந்து புவியீர்ப்பு ஆர்முடுகலைக் கண்டுபிடிக்க வைத்தார். விடை 9.8-க்குப் பக்கத்தில் வந்தபோது வகுப்பே சத்தம் போட்டது. புத்தகத்தில் இருந்த எண் எங்கள் லயத்துக்குப் பக்கத்திலும் உண்மை என்று அன்றுதான் நம்பினோம்.

1987 பெப்ரவரியில் வெடித்த நட்சத்திரத்தைப் பற்றியும் அவர்தான் முதலில் சொன்னார். பெரிய மகெல்லன் முகில் என்கிற அயல் விண்மீன் கூட்டத்தில், ஏறத்தாழ 1,68,000 ஒளியாண்டு தொலைவில் வெடித்தது அது. இலங்கையிலிருந்து பார்த்தால் அந்த வானப்பகுதி தெற்கே தொடுவானுக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். அந்த வெடிப்பின் ஒளி தெரிவதற்குச் சில மணி நேரம் முன்பே, ஜப்பானில் ஒரு சுரங்கத்துக்குள் நீர் நிரப்பி வைத்திருந்த கமியோகாண்டே உணர்கருவி எதையும் ஊடுருவிச் செல்லும் நியூட்ரினோ என்கிற நுண்துணிக்கைகளில் பத்துப் பன்னிரண்டைப் பிடித்தது. நட்சத்திரத்தின் உட்கரு தன் எடையைத் தாங்காமல் உள்ளே சரிந்ததற்கு அவை நேரடிச் சாட்சி. அந்த வேலைக்காக, ஆய்வுக் குழுவை வழிநடத்திய மசாத்தோஷி கோஷிபாவுக்கு 2002-இல் நோபல் பரிசு கிடைத்தது. சேர் இதைக் கதையாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. அவ்வளவு பெரிய நட்சத்திரம் சரியும்போது ஈர்ப்புச் சக்தி எவ்வளவு வெளிப்படும் என்று கரும்பலகையில் எங்களையே கணக்குப் போட வைத்தார்.

உங்கள் அதிகாரிகளில் ஒருவர் பெற்றோர் கூட்டத்தில், தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உடனே வேலை கிடைக்கும் பாடம்தான் தேவை, பௌதிகவியலை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்கள் என்று கேட்டதாக அங்கே இருந்தவர்கள் சொன்னார்கள். அவர் நல்லெண்ணத்தோடு கேட்டிருக்கலாம். கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது என் கடமை. அந்தப் பாடத்தை வைத்து நான் என்ன செய்கிறேன் என்று சொல்கிறேன்.

நான் அதிகம் ஆராய்வது 1ஏ வகை என்று அழைக்கப்படும் வெடிப்புகளை. சூரியனைப் போன்ற ஒரு நட்சத்திரம் எரிந்து முடிந்த பிறகு காபனும் ஒட்சிசனும் இறுகிப்போன ஒரு கரு மிஞ்சும். அதற்கு வெண்குள்ளன் என்று பெயர். பக்கத்தில் இன்னொரு நட்சத்திரம் இருந்து, அதிலிருந்து பொருள் இதன்மேல் விழுந்தாலோ, இரண்டு வெண்குள்ளர்கள் ஒன்றோடொன்று சேர்ந்தாலோ, முழு நட்சத்திரமும் வெடித்துச் சிதறிவிடும். அந்த வெடிப்பில் நிக்கல்-56 என்கிற கதிர்த்தொழிற்பாட்டு மூலகம் பெருந்தொகையாக உண்டாகிறது. சாதாரணமாகச் சூரியனின் திணிவில் பாதிக்கு மேல். இந்த நிக்கல் ஏறத்தாழ 6 நாள் அரைவாழ்வோடு கோபால்ற்று-56 ஆக மாறும். கோபால்ற்று 77 நாள் அரைவாழ்வோடு இரும்பாக மாறும். சூப்பர்நோவா கிழமைக் கணக்கில் ஒளிவீசுவதும், பிறகு மாதக் கணக்கில் மெல்ல மங்குவதும் இந்தச் சிதைவுகளால்தான். என் கலாநிதிப் பட்ட ஆய்வு இந்த மங்கலைப் பற்றியது. ஒளி மங்கும் வேகத்தை அளந்து, எவ்வளவு நிக்கல் உண்டானது என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டும். அரைவாழ்வுச் சமன்பாடு உயர்தரப் பௌதிகவியலில், கதிர்த்தொழிற்பாடு பாடத்தில் இருக்கிறது. கஷ்டப்பட்டு ஒரு பிள்ளை அந்தப் பக்கம் வரை வந்துவிட்டால், என் ஆய்வுக் கட்டுரையின் முக்கால்வாசியை என்னால் அந்தப் பிள்ளைக்கு விளங்க வைக்க முடியும்.

இன்னொன்று. வெடித்த நட்சத்திரத்தின் ஒளியை நிறங்களாகப் பிரித்துப் பார்த்தால், சிலிக்கன் உறிஞ்சிய ஒரு இருண்ட கோடு தெரியும். ஆய்வுகூடத்தில் அது 635.5 நனோமீற்றரில் இருக்க வேண்டியது. வெடிப்பு உச்ச ஒளியில் இருக்கும்போது அது 615 நனோமீற்றருக்குப் பக்கத்தில் தெரிகிறது. காரணம் டொப்ளர் விளைவு. ரயில் ஊதிக்கொண்டு கிட்ட வரும்போது சத்தம் கூர்மையாவதற்கு நாம் படித்த அதே விளைவு. இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசத்தை 635.5-ஆல் வகுத்து, ஒளியின் வேகத்தால் பெருக்கினால் செக்கனுக்கு ஏறத்தாழ 10,000 கிலோமீற்றர் என்று விடை வரும். நட்சத்திரத்தின் சிதறல் எங்களை நோக்கி வரும் வேகம் அது. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை ஒரு தாளில் போட்டுப் பார்க்கக்கூடிய கணக்கு. தூரம் கூடும்போது வெளிச்சம் எப்படிக் குறைகிறது என்பதற்கான நேர்மாறு வர்க்க விதியும் அதே பாடத்திட்டத்தில் இருக்கிறது. இந்த வகை வெடிப்புகளின் உண்மையான பிரகாசத்தை, அவை மங்கும் வேகத்திலிருந்து கணிக்க முடியும் என்று வானியலாளர் மார்க் பிலிப்ஸ் 1993-இல் காட்டினார். அதன் பிறகு இரண்டு ஆய்வுக் குழுக்கள் தொலைதூர வெடிப்புகளின் தூரங்களை அளந்தன. எதிர்பார்த்ததைவிட அவை மங்கலாக இருந்தன. அண்டம் விரிவது மட்டுமல்ல, அந்த விரிவு வேகமடைந்து வருகிறது என்று 1998-இல் தெரியவந்தது இப்படித்தான். 2011-இல் சோல் பேர்ல்மட்டர், பிரையன் ஷ்மிட், அடம் ரீஸ் மூவருக்கும் அதற்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

இந்த வேலையின் அடியில் இருப்பது எங்கள் சேர் கரும்பலகையில் எழுதிய பாடங்கள். நடுவிலே பல்கலைக்கழகமும் கணினியும் பெரிய தொலைகாட்டிகளும் வருகின்றன, அது உண்மை. ஆனால் உயர்தரத்தின் இரண்டு வருடத்தைத் தாண்டாமல் அங்கே போக ஒருவருக்கும் வழியில்லை. கலைப் பிரிவில் படித்த பிள்ளை பிறகு மனம் மாறினாலும் அந்தப் பெறுபேற்றோடு இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களில் பௌதிக விஞ்ஞானப் பட்டப்படிப்புக்குள் நுழைய முடியாது. பதினாறு, பதினேழு வயதில் பூட்டினால் அந்தக் கதவு அந்தப் பிள்ளைக்கு அனேகமாக எப்போதைக்குமாகப் பூட்டியதுதான்.

என் தொழிலைப் பற்றி ஒளிவு மறைவு இல்லாமலும் சொல்ல வேண்டும். வானியலில் நிரந்தர வேலை கிடைப்பது கஷ்டம். கலாநிதிப் பட்டத்துக்குப் பிறகு இரண்டு வருடம், மூன்று வருடம் என்று ஒப்பந்த வேலைகளில் நாடு விட்டு நாடு போனேன். என்னோடு படித்தவர்களில் பலர் இப்போது வானியலில் இல்லை. ஆனால் அவர்கள் வேலையில்லாமலும் இல்லை. மங்கலான படத்திலிருந்து இரைச்சலை நீக்கி உண்மையான சமிக்ஞையைப் பிரித்தெடுக்கப் பழகியவர்கள் வைத்தியசாலைகளின் படமெடுக்கும் கருவிகளிலும், வங்கிகளிலும், காலநிலைக் கணிப்பிலும், மென்பொருளிலும் வேலை செய்கிறார்கள். எங்கள் வகுப்பிலிருந்து என்னோடு பேராதனைக்கு வந்த ஒருவர் பொறியியலாளர். இன்னொருவர் கணித ஆசிரியர். அவர் படிப்பிப்பதும் மலையகத்தில்தான். உங்கள் அதிகாரி கேட்ட வேலை, அந்தக் கணிதப் பிரிவிலிருந்துதான் வந்தது. எல்லாப் பிள்ளைகளும் நட்சத்திரம் பார்க்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. எந்த வேலைக்குப் போவது என்று தீர்மானிக்கும் உரிமை அவர்களிடம் இருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

இந்தத் துறையில் தமிழர் பெயர் என்றால் எல்லோரும் சுப்ரமணியன் சந்திரசேகரைச் சொல்வார்கள். நானும் வகுப்பில் சொல்கிறேன். 1930-இல், பத்தொன்பது வயதில், இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் இருந்தபடியே அவர் போட்ட கணக்கு, ஒரு வெண்குள்ளன் ஓர் எல்லைக்கு மேற்பட்ட திணிவைத் தாங்காது என்று காட்டியது. அந்த எல்லை சூரியனைப்போல் ஏறத்தாழ 1.4 மடங்கு என்று இன்று கொள்கிறோம். 1935-இல், அந்தக் காலத்தின் புகழ்பெற்ற வானியலாளர் எடிங்டன் பகிரங்கமாக அதை மறுத்தார். 1983-இல் நோபல் பரிசு கிடைத்தது. 1ஏ வெடிப்புகளில் எத்தனை அந்த எல்லையை எட்டி வெடிக்கின்றன, எத்தனை அதற்கு முன்பே வெடிக்கின்றன என்பது இன்றும் நாங்கள் விவாதிக்கும் கேள்வி. ஆனால் மலையகத்துப் பிள்ளையிடம் சந்திரசேகரைக் காட்டி, அவரைப்போல் நீயும் வா என்று சொல்வது மட்டும் போதாது. அவர் படித்த குடும்பத்தில் பிறந்தவர். சி. வி. ராமன் அவருடைய சிற்றப்பா. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தவர். வீட்டில் புத்தகமும், புத்தகத்தைப் பற்றிப் பேச ஆளும் இருந்தன. லயத்துப் பிள்ளைக்குப் பௌதிகவியலைப் பற்றிப் பேச இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருப்பார், பாடசாலையில் இருக்கும் ஆசிரியர். அவரை எடுத்துவிட்டால் அந்தப் பிள்ளைக்கு வேறு எதுவும் மிஞ்சாது. நகரத்துப் பிள்ளைக்கு ஆசிரியர் இல்லாமல் போவதும் எங்கள் பிள்ளைக்கு ஆசிரியர் இல்லாமல் போவதும் ஒரே அளவு இழப்பு அல்ல.

வகுப்பு நடந்தால் என்ன கிடைக்கும் என்பதற்கு என் துறையிலிருந்தே ஓர் உதாரணம் இருக்கிறது. 2014 ஜனவரி 21 அன்று லண்டனில், பல்கலைக்கழக வானாய்வகம் ஒன்றில், ஸ்டீவ் ஃபோசி என்கிற ஆசிரியர் நான்கு மாணவர்களுக்குத் தொலைகாட்டியைக் கையாளப் பழக்கிக்கொண்டிருந்தார். முகில் மூட ஆரம்பித்ததால் திட்டத்தை விட்டுவிட்டு, அவசரமாக எம்82 என்கிற விண்மீன் கூட்டத்தைப் படமெடுத்தார்கள். படத்தில், வழக்கமாக இல்லாத ஒரு புள்ளி. ஏறத்தாழ 1 கோடியே 20 இலட்சம் ஒளியாண்டு தொலைவில் வெடித்த 1ஏ வகைச் சூப்பர்நோவா அது. அந்த வகையில் நமக்கு அவ்வளவு கிட்டத்தில் வெடித்தது பல பத்தாண்டுகளில் அரிது. அந்தத் தொலைகாட்டி பெரிய ஒன்றல்ல, 35 சென்ரிமீற்றர் ஆடிதான். அது இருந்த இடமும் ஒளி மாசு நிறைந்த ஒரு பெருநகரம். அன்று அங்கே ஒரு செய்முறை வகுப்பு நடந்தது, ஓர் ஆசிரியர் இருந்தார்.

இப்போது அந்த வாய்ப்பு இன்னும் விரிந்திருக்கிறது. சிலியில் வேரா ரூபின் வானாய்வகம் 2025 ஜூனில் தன் முதல் படங்களை வெளியிட்டது. 8.4 மீற்றர் ஆடி, 3,200 மெகாபிக்சல் கமரா. தென் வானத்தைப் பத்து ஆண்டுகள் திரும்பத் திரும்பப் படமெடுத்து, ஓர் இரவில் இலட்சக்கணக்கான மாற்றங்களை அறிவிப்பது அதன் வேலை. அந்த அறிவிப்புகள் எவருக்கும் திறந்தவை. இணைய வசதியுள்ள ஒரு தொலைபேசியும், ஒளிவளைவை, அதாவது வெளிச்சம் நாளுக்கு நாள் கூடிக் குறைவதைக் காட்டும் வரைபை, வாசிக்கத் தெரிந்த ஒரு பிள்ளையும் இருந்தால் மலையகத்துத் தலவாக்கலையிலிருந்தும் பார்க்கலாம். தொலைபேசி எங்கள் லயங்களில் இருக்கிறது. ஒளிவளைவை வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் வகுப்பைத்தான் நீங்கள் மூடுகிறீர்கள்.

கடந்த தை மாதத்தில் ஊருக்கு வந்தபோது, அதிபரின் அனுமதியோடு சாதாரண தரப் பிள்ளைகளைப் பின்னேரத்தில் மைதானத்துக்குக் கூட்டிப்போனேன். அந்த மாதத்தில் மழை விட்டு, வானம் குளிரோடு நன்றாகத் திறந்திருக்கும். ஒரு சின்னத் தொலைகாட்டியும் கொண்டுபோயிருந்தேன். திருவாதிரையைக் காட்டினேன். மார்கழியில் அம்மாமார் விரதம் இருக்கும் நட்சத்திரம் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. அது சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அகலமான, மாபெரும் சிவப்பு நட்சத்திரம், ஒருநாள் வெடிக்கும், இன்னும் ஒரு இலட்சம் ஆண்டுக்குள் என்று சொன்னேன். 2019 கடைசியிலும் 2020 தொடக்கத்திலும் அது திடீரென்று மங்கியபோது வெடிக்கப்போகிறது என்று பலர் நினைத்ததையும், பிறகு அது வெளியேற்றிய தூசி மறைத்ததால் வந்த மங்கல் என்று தெரிந்ததையும் சொன்னேன். "வெடிச்சா பகல்லயே தெரியுமா மிஸ்?" என்று ஒரு பையன் கேட்டான். தெரியும் என்றேன். பக்கத்தில் நின்ற பிள்ளை விடவில்லை. "இன்னும் வெடிக்கலையே, அப்ப வெடிக்கும்னு எப்படி மிஸ் தெரியும்?" என்றாள். அந்தக் கேள்விக்கு முழுப் பதில் சொல்ல எனக்கு ஈர்ப்பு, அமுக்கம், அணுக்கருத் தாக்கம் எல்லாம் தேவை. அடுத்த வருடம் உயர்தரத்தில் படிப்பாய் என்று சொல்லித்தான் பழக்கம். இந்த முறை அப்படிச் சொல்ல என்னால் முடியவில்லை, ஏனென்றால் ஆசிரியர் இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

அந்தப் பிள்ளைக்குச் சாதாரண தரத்தில் கணிதத்துக்கும் விஞ்ஞானத்துக்கும் ஏ. உங்கள் கடிதம் சொல்கிறபடி நகரத்துப் பாடசாலைக்குப் போக அவளுடைய வீட்டில் முயற்சி செய்தார்கள். முதல் பஸ்ஸில் போனாலும் பாடம் தொடங்கிய பிறகுதான் போய்ச் சேரலாம். விடுதியில் இடம் இல்லை என்றார்கள். சொந்தக்காரர் வீட்டில் தங்க வைக்க அவளுடைய அம்மாவுக்கு மனமில்லை. பெண்பிள்ளையை வைத்திருக்கும் தாய் அப்படி யோசிப்பதில் நியாயம் இருக்கிறது. தவிர, பஸ் காசும் டியூஷன் காசும் சேர்த்தால் அந்தக் குடும்பத்தின் மாதச் சம்பளத்தில் பெரிய துண்டு போய்விடும். மழைக்காலத்தில் கொழுந்து குறைந்து அரைப் பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிற மாதத்தில் என்ன செய்வார்கள்? அவள் இப்போது கலைப் பிரிவில் இருக்கிறாள். கலைப் பிரிவைக் குறைத்துச் சொல்லவில்லை, விரும்பிப் படிப்பவர்களுக்கு அது நல்ல படிப்பு. அவள் விரும்பிப் போகவில்லை.

பல்கலைக்கழக அனுமதியையும் யோசித்துப் பாருங்கள். விஞ்ஞானத் துறைகளுக்கான இடங்களில் 55 வீதத்தை மாவட்ட அடிப்படையிலும், இன்னும் 5 வீதத்தைக் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் அரசாங்கமே ஒதுக்குகிறது. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் எவ்வளவு பின்னால் நிறுத்தப்பட்டார்கள் என்பதை அரசாங்கமே ஒப்புக்கொண்டு வைத்த ஒதுக்கீடு அது. 1948-இல் குடியுரிமை பறிக்கப்பட்டதிலிருந்து, தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் மிகத் தாமதமாகப் பொறுப்பேற்றது வரை அதற்குப் பின்னால் நீண்ட வரலாறு இருக்கிறது, அது உங்களுக்கும் தெரிந்ததே. தோட்டப்புறத்தில் கணிதப் பிரிவுகளை ஒவ்வொன்றாக மூடினால், எங்கள் மாவட்டத்தின் பெயரால் இருக்கும் அந்த இடங்களுக்குத் தோட்டத்துப் பிள்ளைகள் விண்ணப்பிக்கவே முடியாமல் போகும்.

உங்கள் பக்கத்துச் சிரமமும் எனக்குத் தெரியும். தமிழ்மொழி மூலம் பௌதிகவியல் படிப்பிக்கக்கூடிய பட்டதாரிகள் எல்லா மாகாணத்திலும் குறைவு. நியமனம் உங்கள் ஒருவர் கையில் மட்டும் இல்லை. அனுப்பினாலும் சிலர் பொறுப்பேற்க வருவதில்லை. வந்தவர்களும் குளிரும் தனிமையும் தாங்காமல் போய்விடுகிறார்கள். ஆனால் இவை ஆசிரியர் வந்து தங்குவதற்கு வழி செய்ய வேண்டும் என்பதற்கான காரணங்கள். பிரிவை மூட வேண்டும் என்பதற்கான காரணங்கள் அல்ல. இதே மலையகத்தில், ஆரம்ப வகுப்புகளுக்கு ஆசிரியர் இல்லை என்ற நிலையை மாற்ற, பத்தனை ஸ்ரீபாத கல்விக் கல்லூரி வழியாகத் தோட்டத்துப் பிள்ளைகளையே பயிற்றி ஆசிரியர் ஆக்கினார்கள். ஆசிரியர் இல்லையென்று அன்று யாரும் ஆரம்ப வகுப்பை மூடவில்லை.

நான் பாடசாலைக்குள் போனபோது ஆய்வுகூடத்தையும் பார்த்தேன். உடைந்த மேசை கதிரைகளைப் போட்டு வைத்திருக்கிறார்கள். சுரமானி ஒரு மூலையில் கிடக்கிறது, கம்பி துருப்பிடித்திருக்கிறது. அழுத்தமானியும் நகரும் நுணுக்குக்காட்டியும் பெட்டியோடு இருக்கின்றன. அவற்றைத் தொட்டுப் படித்த கைகளில் என்னுடையதும் ஒன்று. அந்த அறையை இப்படிப் பார்த்தது மிகவும் வலித்தது. அதைத் திரும்பத் திறக்க அதிகம் செலவாகாது, நாலைந்து நாள் வேலை, சில கம்பிகள், ஒரு மின்கலவடுக்கு, திறப்பைப் பொறுப்பேற்க ஓர் ஆசிரியர். முதல் மூன்றையும் பழைய மாணவர்கள் நாங்களே செய்து தருவோம். நான்காவதை நீங்கள்தான் தர முடியும்.

ஆகவே கேட்கிறேன். முதலில், புதிய மாணவர் சேர்ப்பை நிறுத்தும் அந்தக் கடிதத்தை, இந்த வருடச் சாதாரண தரப் பெறுபேறு வருவதற்கு முன்பே திரும்பப் பெறுங்கள். பெறுபேறு வந்த பிறகு திரும்பப் பெற்றால் பிள்ளைகள் வேறு பிரிவுகளில் சேர்ந்திருப்பார்கள். அடுத்து, பௌதிகவியல் வெற்றிடத்தை நிரப்புவதற்கு ஒரு திகதியைச் சொல்லுங்கள். நிரந்தர நியமனம் தாமதமாகும் என்றால், அதுவரைக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரை ஒப்பந்த அடிப்படையில் எடுக்கவோ, பக்கத்துப் பாடசாலையின் ஆசிரியரைக் கிழமையில் குறித்த நாட்களுக்கு அனுப்பவோ அனுமதி கொடுங்கள். வரும் ஆசிரியருக்குப் பழைய விடுதியின் கூரையைத் திருத்திக் கொடுங்கள், பெண் ஆசிரியர் பாதுகாப்பாகத் தங்கக்கூடியதாக. இனிமேல் உயர்தர விஞ்ஞானப் பாட ஆசிரியர் ஒருவருக்கு இடமாற்றம் கொடுக்கும்போது, பதிலுக்கு வருபவர் பொறுப்பேற்ற பிறகே விடுவிப்பது என்பதை வலயத்தின் நடைமுறையாக்குங்கள்.

பிள்ளைகளின் தொகையைப் பற்றிய உங்கள் கவலைக்கு, ஆசிரியர் வந்த பிறகு இரண்டு உயர்தரப் பிரிவுகள் பரீட்சை எழுதி முடிக்கும் வரை எங்களுக்கு அவகாசம் கொடுங்கள். அதற்குப் பிறகும் பிள்ளைகள் வரவில்லை என்றால் வந்து பேசுங்கள், கேட்கிறோம். விடுமுறை நாட்களில் செய்முறை வகுப்புகளை நடத்தவும், இணையம் வழியாகக் கிழமைக்கு ஒரு பௌதிகவியல் வகுப்பு எடுக்கவும் நான் ஆயத்தம். இலங்கையிலும் வெளிநாட்டிலும் உள்ள எங்கள் பழைய மாணவர்கள் சிலரும் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அது வகுப்பறையில் நிற்கும் ஆசிரியருக்குத் துணையாக மட்டும்தான். அதைக் காட்டி வெற்றிடத்தை அப்படியே விட்டுவிட வேண்டாம்.

கடைசியாக, இந்த மடலுக்கும் பெற்றோரின் மனுக்களுக்கும் எழுத்தில் பதில் தாருங்கள். பதிலைத் தமிழில், அதிபர் வழியாக, பெற்றோர் கூட்டத்தில் வாசிக்கக்கூடியதாக அனுப்புங்கள். அந்தக் கூட்டத்துக்கு உங்கள் அலுவலகத்திலிருந்து தீர்மானம் எடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர் வர வேண்டும். அது ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால், நாள் சம்பளமான பேர் போகாமல் அம்மாமாரும் வருவார்கள்.

இப்படிக்கு,
உயர்தரக் கணிதப் பிரிவின் பழைய மாணவி